ஆறுக்கு இரண்டு

3 மார்ச் 1997

பெரிய வாத்தியார் அவர்களுக்கு,

ஸ்பானிஷ் பரீட்சை முடிவு வந்துவிட்டது. மறுபடியும் போச்சு. எழுபது வாங்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு.

இதை முந்தாநாளே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கடைக்குத்தானே போன் செய்கிறீர்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் காது மட்டும் நன்றாகவே இருக்கிறது. முதலாளியம்மா ரசீது எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்பார். லென்ஸ் தேய்க்கிற அண்ணன் மெஷினையே நிறுத்திவிடுவார். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு, "ரெண்டாவது தடவையும் ஃபெயில் ஆயிட்டேங்க" என்று எப்படிச் சொல்வேன்? நீங்களோ விடாமல், "என்னாச்சு, என்னாச்சு, வாயில என்ன கொழுக்கட்டையா" என்கிறீர்கள். அதனால்தான் போனை வைத்தேன். தவறி வைக்கவில்லை, வேண்டுமென்றே வைத்தேன். இனிமேல் கடைக்கு போன் செய்யாதீர்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

முதல் தடவை தோற்றதற்கு ஒரு காரணம் இருந்தது. நடைபாதையில் வாங்கின குட்டிப் புத்தகத்தை நம்பிப் போனேன். அதில் வணக்கமும் நன்றியும் கழிப்பறை எங்கே என்பதும்தான் இருந்தன. இந்தத் தடவை என்ன காரணம்? மூன்று மாதம் நீங்கள் எழுதி அனுப்பின அந்த ஆறு வார்த்தைகளைக் கிளிப்பிள்ளை மாதிரி உருப்போட்டேன். முதல் கேள்வியே அதுதான். 'பேசு' என்ற வினைச்சொல்லை நிகழ்காலத்தில் ஆறு பேருக்கும் மாற்றி எழுதுக. பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாலு நிமிஷத்தில் எழுதிவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்த்தேன். கிடைத்தது ஆறுக்கு இரண்டு. எந்த இரண்டு சரி, எந்த நாலு தப்பு என்று சொல்ல மாட்டார்களாம். சட்டமாம்.

வாய்மொழித் தேர்வில் ஒரு அம்மா கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. அவர் கண்ணாடியில் இடது லென்ஸ் கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தது. அதை மட்டும்தான் என்னால் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது.

மே ஆறாம் தேதி கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் இரண்டு வருஷத்துக்கு உங்களிடம் வர விசாவுக்கு விண்ணப்பமே போட முடியாது. கல்யாணமாகிப் பதினோரு மாதம் சேர்ந்து இருந்தோம், ஒன்றரை வருஷமாகத் தனித்தனியாக இருக்கிறோம். கணக்கு எனக்கே பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
மக்கு மாணவி


14 மார்ச் 1997

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்துத் தடவை போன் செய்து பத்துத் தடவையும் உன் முதலாளியம்மா, "அவ இப்பதான் வெளிய போனா" என்றார். உன் ஊரில் அவ்வளவு வெளியே எங்கே போகிறாய்?

நேராகச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ படிக்கவில்லை. படித்தேன் என்று உன்னை நீயே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். 'பேசு' என்பது ஒழுங்கான வினைச்சொல். ஒழுங்கான என்பது நான் வைத்த பெயர் இல்லை, இந்த ஊர்க்காரர்களே வைத்தது. வாலை வெட்டு, ஆளுக்குத் தகுந்த வாலை ஒட்டு, முடிந்தது. ஒழுங்கில்லாத அடங்காப்பிடாரி வினைச்சொற்கள் நூறு இருக்கின்றன. அதில் நீ கோட்டை விட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இதில் ஆறுக்கு இரண்டு வாங்க ஒரு தனித் திறமை வேண்டும்.

நான் யாரிடம் படித்தேன்? மீன் ஆலையில் குளிர் அறைக்குள் மூன்று சட்டை, இரண்டு கையுறை போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குகிறேன். மேஸ்திரி கத்துவதைக் கேட்டுக் கேட்டே வந்துவிட்டது. உனக்கு நாற்காலி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, விரல் மரத்துப்போகாத கை இருக்கிறது.

பழைய தாளைத் தொலைத்திருப்பாய். டீ நேரத்தில் மறுபடியும் எழுதுகிறேன். கையுறையைக் கழற்றினால் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது, அதனால் சுருக்கமாக:

ஆப்லோ          ஆப்லாமோஸ்
ஆப்லாஸ்        ஆப்லாயிஸ்
ஆப்லா           ஆப்லான்

வரிசை போனில் சொன்னதுதான். நான், நீ, அவள், நாம், நீங்களெல்லாம், அவர்கள். இதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

இன்னொன்று. ஆறு பேரோடு இருந்த அறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது தனி அறை. ஜன்னல் இரண்டு. ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது. இரண்டு பேருக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் தினமும், "உன் மனைவி எப்போது வருகிறாள்" என்று கேட்கிறார். நானும் தினமும் "சீக்கிரம்" என்கிறேன். எனக்கு அந்த வார்த்தை அலுத்துவிட்டது.

உன்
வாத்தியார்


27 மார்ச் 1997

வாத்தியாருக்கு,

தாள் தொலையவில்லை. அதை லென்ஸ் துடைக்கிற துணிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் புதிதாக அனுப்பினதும் அச்சு அசலாக அதேதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் நான் உருப்போட்டதில் என்ன தப்பு?

நீங்கள் நினைக்கிற மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. காலையிலிருந்து வேலைச் சீட்டு வந்தபடி இருக்கும். தூரப் பார்வை, வலது, இடது. கிட்டப் பார்வை, வலது, இடது. சீட்டைப் படித்து, லென்ஸ் எடுத்து, பிரேமைச் சூடுகாட்டி மாட்டவேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் நடுவில் ஒரு தடவை ஆப்லோவிலிருந்து ஆப்லான் வரை முணுமுணுப்பேன். போன வாரம் ஒரு பெரியவர், "அம்மா எனக்கு எதாவது மந்திரிக்கிறியா" என்று கேட்டார்.

நீங்கள் போனில் என்றைக்காவது ஆறையும் கேட்டிருக்கிறீர்களா? "நான்னா என்ன? ஆப்லோ. ஆங், சபாஷ், உனக்குத் தெரிஞ்சிருக்கு." அத்தோடு சரி. அப்புறம் மீன், குளிர், மேஸ்திரி. ஆறு பேரில் 'நான்' ஒருவருக்குத்தான் உங்களிடம் பரீட்சை நடந்தது.

பத்து வாக்கியமும் தனித் தாளில் இருக்கிறது. ஒன்பதாவதை மட்டும் கவனித்துப் படியுங்கள். ஸ்பானிஷிலாவது உங்களை 'நீ' என்று கூப்பிட்டுச் சண்டை போட ஒரு வாய்ப்புக் கிடைத்தது, விடுவேனா?

முதலாளியம்மா இரண்டாவது தேய்ப்பு மெஷின் வாங்குகிறார். என்னைத்தான் அதில் உட்கார வைக்க நினைக்கிறார். "இருக்கியா, போறியா? மே பத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடும்மா, நான் வேற ஆளைப் பாக்கணும்" என்றார். என்ன சொல்ல? எனக்கே தெரியாததை அவரிடம் எந்தக் காலத்தில் மாற்றிச் சொல்ல?

இப்படிக்கு,
இன்னும் மக்குதான்


8 ஏப்ரல் 1997

உனக்கு,

பத்து வாக்கியத்தையும் படித்தேன். சிவப்பு மையில் திருத்த உட்கார்ந்தேன். நாலாவதிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஏழு தப்பு. ஒரு குழந்தைகூட இப்படித் தப்பு விடாது. முதலாளியம்மா பேசுகிறார் என்பதற்கு ஆப்லாஸ். நாங்கள் கடையில் பேசுகிறோம் என்பதற்கு ஆப்லாயிஸ். கண்ணை மூடிக்கொண்டு வார்த்தைகளைக் குலுக்கிப் போட்டால்கூட இதைவிட அதிகம் சரியாக வந்திருக்கும். ஆனால் உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அடித்தல் திருத்தல் ஒன்றில்லை. தெரியாதவள் தயங்கி எழுதுவாள். நீ தயங்கவே இல்லை.

அதனால் கேட்கிறேன். என்னைக் கிண்டல் செய்கிறாயா?

கவனித்துப் படிக்கச் சொன்னாயே, அந்த ஒன்பதாவது ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. நோ ஆப்லாமோஸ். நாம் பேசுவதில்லை. குத்திக்காட்ட மட்டும் உனக்கு மொழி நன்றாகவே வருகிறது.

நான் முட்டாள் இல்லை. கடையில் புது மெஷின் வருகிறது, உன்னை உட்கார வைக்கப்போகிறார்கள். உனக்கு அங்கே மரியாதை இருக்கிறது. இங்கே வந்தால் என்னோடு மீன் நாற்றத்தில் இருக்கவேண்டும். வர விருப்பமில்லை என்றால் சொல்லிவிடு. பரீட்சையில் தோற்றுத்தான் சொல்லவேண்டும் என்று இல்லை. நான் சுவரிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டு இருக்கமாட்டேன்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.


19 ஏப்ரல் 1997

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் பிரித்தது என் தப்பு. படித்துவிட்டு ஒரு பிரேமை ஒடித்துவிட்டேன். முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் வேண்டுமென்று தோற்றேனா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உருப்போட்டு, பஸ்ஸில் உருப்போட்டு, பல் விளக்கும்போது நுரையோடு உருப்போட்டு, வேண்டுமென்று தோற்றேனா? அதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, இப்போது நான் கேட்கிறேன். நேற்று கடைக்கு ஒரு அம்மா கண்ணாடி வாங்க வந்தார். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்பானிஷ் வகுப்பு நடத்துகிறாராம். ஒன்றரை வருஷமாகப் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறார். முன்பே தேடியிருக்கலாம். "வகுப்பு எதுக்கு, நான் இருக்கிறப்ப" என்று நீங்கள்தான் சொன்னீர்கள், நானும் கேட்டேன். வெட்கத்தை விட்டு அவரிடம் ஆறையும் ஒப்பித்துக் காட்டினேன். நான் என்றால் ஆப்லோ, நீ என்றால் ஆப்லாமோஸ், அவள் என்றால் ஆப்லாஸ் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் அங்கயா இருக்கார்?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அவர் எழுதித் தந்த தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் தாளையும் பெட்டி மூடியிலிருந்து உரித்து வைத்திருக்கிறேன். அதில் ஆறு பேரில் நாலு பேருக்குத் தப்பு. அங்கே ஒன்றரை வருஷமாகப் பேசிப் பிழைக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே எழுதினீர்களா? எனக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது. என்னை அழைத்துக்கொள்ள இஷ்டமில்லாதவர் நீங்கள்தானா? இரண்டு ஜன்னல் அறை என்று எழுதினீர்களே, அது யாருக்கு?

மே பத்தாம் தேதி முதலாளியம்மாவிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிவிடப்போகிறேன். அந்த மெஷின் பொய் சொல்லாது.


29 ஏப்ரல் 1997

என் கண்ணாடிக்காரிக்கு,

உடனே எழுதுகிறேன். இது உன் பரீட்சைக்கு முன் வந்து சேராது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன். கடைக்கு போன் செய்தேன், "அவ வெளிய போயிருக்கா" என்றார் முதலாளியம்மா. பின்னால் நீ தும்முகிற சத்தம் எனக்குக் கேட்டது. உன் தும்மல் எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் தப்பாக எழுதினேனா என்று இரண்டு தாளையும் சாப்பாட்டு அறையில் ஒரு காலிப் பெட்டியின் மேல் விரித்து வைத்தேன். அந்த அம்மா எழுதின ஆறு வார்த்தையும் நான் எழுதின ஆறு வார்த்தையும் ஒன்றுதான். என் தாளில் ஒரு தப்பும் இல்லை. சரி, பிடித்தேன் இவளை என்று நினைத்தேன். அப்புறம்தான் உன் கடிதத்தில், நீ என்றால் ஆப்லாமோஸ் என்று ஒப்பித்ததாக எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். ஆப்லோ, பக்கத்தில் ஆப்லாமோஸ். அடுத்த வரி ஆப்லாஸ், பக்கத்தில் ஆப்லாயிஸ்.

நீ குறுக்காகப் படித்திருக்கிறாய்.

எங்கள் ஆலையில் பெட்டிச் சீட்டு எப்போதும் மேலிருந்து கீழேதான். ஒரு அடுக்கை மேலிருந்து கீழே முடித்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. முதல் பத்தி நான், நீ, அவள். இரண்டாவது பத்தி நாம், நீங்களெல்லாம், அவர்கள். வேறு மாதிரி ஒருவர் படிக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உன் வேலைச் சீட்டு வலது, இடது, வலது, இடது என்று குறுக்கே போகும். நீதான் அதை எழுதியும் அனுப்பியிருந்தாய். நான் படிக்கிற அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்.

இப்படிப் படித்தால் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் மட்டும் சரியாக வரும். ஆறுக்கு இரண்டு. நானும் அவர்களும் சரி. நடுவில் இருக்கிற எல்லாரும் இடம் மாறிப் போயிருக்கிறார்கள். உன் ஒன்பதாவது வாக்கியம் 'நாம் பேசுவதில்லை' இல்லை, 'நீ பேசுவதில்லை'. நீ என்னைத் திட்டியிருக்கிறாய். அதைச் சரியாகத்தான் திட்டியிருக்கிறாய்.

ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் யார் பேசுகிறார்கள் என்று எழுத எனக்கு இன்னும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். கை குளிருகிறது என்று விட்டுவிட்டேன். போனில் ஆறையும் கேட்காதது சோம்பல் இல்லை. நீ தடுமாறினால் எனக்குப் பயமாக இருக்கும். 'நான்' என்று கேட்டு, நீ சரியாகச் சொன்னதும், எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டு வைத்துவிடுவேன். உன்மேல் சந்தேகப்பட்டது எல்லாவற்றையும்விடக் கேவலம். அதற்கு எந்த வார்த்தையை மாற்றி எழுதியும் சரி செய்ய முடியாது என்று தெரிகிறது.

வீட்டுக்கார அம்மாள் இன்றைக்கும் கேட்டார். முதல் தடவையாக, "தெரியாது" என்றேன்.

மேஸ்திரியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் மனைவி இதை அனுப்பாமல் இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார்.

நீ அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னாலும் சரி. ஆனால் நான் வேண்டாம் என்று நினைத்ததாக மட்டும் நினைத்துக்கொண்டு சொல்லாதே.

உன்
வாத்தியார் வேலையை விட்டவன்


17 மே 1997

உனக்கு,

பதில் இல்லை. பரீட்சை முடிந்து பதினோரு நாள் ஆகிறது. போனாயா, போகவில்லையா? பாஸா, ஃபெயிலா என்றுகூடக் கேட்கவில்லை. போனாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. மூடாத ஜன்னலைச் சரி செய்துவிட்டேன். இப்போது அதுவும் திறக்கவில்லை.


30 மே 1997

ஜன்னல்காரருக்கு,

உங்கள் பெரிய கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. பரீட்சை முடிந்து மூன்று நாள் கழித்து. முடிவு வரட்டும் என்று எழுதாமல் இருந்தேன். நீங்களும் கொஞ்சம் அனுபவியுங்கள் என்று இருந்தேன் என்பதும் உண்மை.

பரீட்சைக்குப் போனேன். உங்களுக்காகப் போகவில்லை. அன்றைக்கு உங்கள்மேல் இருந்த கோபத்துக்கு நீங்கள் இருக்கிற திசையில் தலை வைத்துக்கூடப் படுத்திருக்கமாட்டேன். என் பேர் போட்டு ஆறுக்கு இரண்டு என்று ஒரு தாள் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை ஆயிரம் லென்ஸ் மாட்டியிருக்கிறேன், ஒன்றும் இடம் மாறிப் போனதில்லை.

அதே அம்மாதான் வாய்மொழித் தேர்வுக்கு இருந்தார். இடது லென்ஸ் இன்னும் கோணல். ஆறு பேரையும் சொன்னேன், வகுப்பு நடத்துகிற அம்மா எழுதித் தந்தபடி. புருவம் ஏறவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, உங்கள்மேல் இருந்த எரிச்சலில். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கோடு போட்டு 'நான்', 'நீ' என்று எழுதியிருந்தால் மார்ச் மாதமே முடிந்திருக்கவேண்டிய விஷயம். குறுக்கே படித்தது நான். யார் யாருக்கு எது என்று ஒரு தடவை திருப்பிக் கேட்காததும் நான். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்லிக்காட்ட மிச்சம் இருக்கக்கூடாது.

எழுபத்துநாலு. பாஸ். காகிதமெல்லாம் நகர்ந்து விசா வர இன்னும் நாலு மாதம் ஆகுமாம்.

மீதியை அட்டவணையாக எழுதுகிறேன். ஒரே பத்திதான் போட்டிருக்கிறேன், உங்களை நம்ப முடியாது. வரிசையும் என் இஷ்டம்.

நான் பேசுகிறேன், ஆப்லோ: பத்தாம் தேதி முதலாளியம்மாவிடம் பேசிவிட்டேன். "போறேன். அதுவரைக்கும் புது ஆளுக்கு நானே மெஷின் பழக்கித் தர்றேன்" என்றேன்.

அவர் பேசுகிறார், ஆப்லா: "போ, ஆனா அங்க போயும் அவர் எழுதித் தர்றதைப் படிக்காதே" என்றார்.

அவர்கள் பேசுகிறார்கள், ஆப்லான்: கடையில் எல்லாரும். வேறு பேச்சே இல்லை. லென்ஸ் அண்ணன் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று பாட்டாகவே பாடுகிறார்.

நீங்களெல்லாம் பேசுகிறீர்கள், ஆப்லாயிஸ்: உங்கள் மேஸ்திரியும் வீட்டுக்கார அம்மாளும். அவர்களிடம் சொல்லுங்கள், சீக்கிரம் என்று. இந்தத் தடவை அலுக்காமல் சொல்லுங்கள்.

நீ பேசுகிறாய், ஆப்லாஸ்: ரொம்ப. கேட்காமலே.

நாம் பேசுகிறோம், ஆப்லாமோஸ்: ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து மணி. கடைக்கு விடுமுறை. முதலாளியம்மா சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார், ஒரு காதும் இருக்காது. போன் மூன்று தடவை அடிக்கும்வரை எடுக்கமாட்டேன், அவ்வளவு கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. நாலாவது மணியில் எடுப்பேன். அதற்குள் வைத்துவிடாதீர்கள்.